செஞ்சி வட்டாரத்தில் இசைக்கருவி வாங்குதலும் பெயரின் செல்வாக்கும்

1. ஆய்வுப் பொருள்

இசைக்கருவி வாங்கப் போகிறவர் தம் காதை நம்பி வாங்குகிறாரா, கருவியின்மேல் பொறித்திருக்கும் பெயரை நம்பி வாங்குகிறாரா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதை வயலினை வைத்தும் கிட்டாரை வைத்தும் பேசுவது வழக்கம். அங்கே விற்பனைக்கு வரும் கருவிகள் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கும். பெயரே இல்லாத கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பு குறைவு. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் அந்த வாய்ப்பு தாராளமாகக் கிடைக்கிறது. ஒரே கோயில் திருவிழாவில், சில நூறு அடி இடைவெளிக்குள், எந்தப் பெயரும் எழுதாத பம்பையும், ஊர்ப்பெயரால் அறியப்படும் நாதஸ்வரமும், வங்காளத்தில் உருப்பெற்ற ஆர்மோனியமும், ஜப்பானிய நிறுவனத்தின் கீபோர்டும் ஒலிக்கக் கேட்கலாம்.

பெயர் என்பதை இங்கே மூவகையாகக் கொள்கிறேன்: நிறுவனப் பெயர், ஊர்ப் பெயர், ஆள் பெயர். வாங்குபவர், வாசிப்பவர், கேட்பவர் என்று கருவியைச் சுற்றி நிற்பவர்களும் மூவர். இந்த மூவரும் ஒரே ஆளாகவோ பக்கத்துப் பக்கத்து ஆட்களாகவோ இருக்கும்போது நிறுவனப் பெயருக்கு வேலை குறைவு. இவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலக விலக அதன் செல்வாக்கு ஏறுகிறது. இது என் முதல் துணிபு. இதற்குள் அடங்காத ஒன்றும் உண்டு. செய்தவர் பெயர் வெளியே தெரியாமல் போனதற்கு நம் நாட்டில் வேறொரு காரணம் இருக்கிறது. அதையும் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவடையாது.

2. களம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டைக்காகச் செஞ்சி அறியப்படுகிறது. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டை, 2025 ஜூலையில் மராத்தியப் படைத்தள நிலப்பரப்புகள் என்ற தொகுதியில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியின் 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதை இன்றும் இப்பக்கத்தில் கதைப்பாடலாகப் புழங்குகிறது.

நம் ஆய்வுக்குக் கோட்டையைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களே முக்கியம். மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் இந்தப் பக்கத்துப் பாரதக் கூத்துக்கும் தீமிதிக்கும் தலைமைக் கோயில். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் சேர்ந்து நிற்கின்றன. செஞ்சியை அடுத்த மேல்மலையனூரில் அங்காளபரமேசுவரிக்கு அமாவாசைதோறும் ஊஞ்சல் உற்சவம், மாசியில் மயானக் கொள்ளை. இத்தனை விழாவுக்கும் வாத்தியம் வேண்டும். ஆகவே இது இசைக்கருவியை அலங்காரப் பொருளாக வாங்கும் ஊரல்ல. பிழைப்புக்காக வாங்கி, தேயத் தேய அடித்து, பழுது பார்த்து, மறுபடி அடிக்கும் வட்டாரம். பெயரின் செல்வாக்கைச் சோதிக்க இதைவிடக் கண்டிப்பான இடம் அமையாது.

3. பெயர் எழுதாத கருவி: பம்பை

உருளை வடிவ மேளம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வரிந்து கட்டி, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் குச்சியால் அடிப்பது பம்பை. மேல்மலையனூரில் அம்மனை அழைக்கும்போது உடுக்கையும் சிலம்பும் இதனோடு சேரும். பம்பை நின்றால் சாமியாட்டம் நிற்கும். அந்தக் கருவியைப் பம்பைக்காரர் எப்படி வாங்குகிறார் என்று பாருங்கள். முதலில் தட்டுவதில்லை, கட்டையைத் தூக்கிப் பார்க்கிறார். இரவு முழுக்க இடுப்பில் கிடக்கப் போகிற பாரம் அது. பிறகு விரலால் ஓரத்தைச் சுண்டி, நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காதைச் சாய்த்துக் கேட்கிறார். தோலின் கனம் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுகிறார். பிறகு கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்லி, மறுபடி தட்டுகிறார். பிடிக்கவில்லை என்றால் செய்தவர் எதிரிலேயே சொல்லிவிடுவார். அவரும் அங்கேயே அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்.

இந்தப் பேரத்தில் பெயருக்கு இடமே இல்லை. வாங்குபவரும் வாசிப்பவரும் ஒருவரே. செய்பவரோ கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறார். குறை இருந்தால் பதில் சொல்ல ஆள் உண்டு. நிறுவனம் தன் பெயரால் தரும் உறுதியை இங்கே முகப்பழக்கம் தந்துவிடுகிறது.

பனியில் நனைந்து தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி ஏற்றுவது பழைய முறை. இப்போது பலர் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு பூட்டிக்கொள்கிறார்கள். மழைக்கும் பனிக்கும் அது அசையாது, ஓசையும் கூர்மையாக வரும். தோலுக்குரிய அடிநாதம் மட்டும் போய்விடும். என் காதுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் விடியவிடிய அடிப்பவர் செய்யும் தெரிவை வெளியே நின்று குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆய்வுக்கு வேண்டிய செய்தி இதுதான்: இந்த மாற்றமும் எந்த விளம்பரத்தாலும் வந்ததல்ல. ஒரு குழு போட்டுப் பார்த்தது, அடுத்த குழு கேட்டது, பரவியது.

பம்பையின் மேல் எழுத்து இருக்கவே இருக்காது என்றும் சொல்லமுடியாது. பல குழுக்கள் பெயின்டில் குழுவின் பெயரையும் ஊரையும் செல்போன் எண்ணையும் எழுதிவைக்கின்றன. அது அடிப்பவர் பெயர். செய்தவர் பெயரை எங்கும் காண முடியாது.

4. ஊர்ப் பெயர்: நாதஸ்வரம்

நாதஸ்வரத்தில் நிலைமை மாறுகிறது. செஞ்சிப் பக்கத்து நாதஸ்வரக்காரருக்கு நல்ல கருவி வேண்டுமென்றால் உள்ளூர்த் தச்சரிடம் போகமாட்டார். தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டை என்ற பெயர்தான் அவர் வாயில் வரும். அங்கே ஆச்சா மரத்தில், நாதஸ்வரத்தின் குழலாகிய உலவைக் கடைகிறார்கள். புது மரம் உதவாது. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் பல பத்தாண்டுகள் கிடந்து ஈரம் முற்றும் இறங்கிய மரத்தையே தேடி வாங்குகிறார்கள். மரம் காய்ந்த அளவுக்குத் துளை விரியாமலும் சுருங்காமலும் நிற்கும், சுருதி நிலைக்கும்.

இந்த ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஆள் பெயர்கள் இரண்டு இருக்கின்றன. பழைய திமிரி வகை நாதஸ்வரம் குட்டையானது, உச்சச் சுருதி கொண்டது; அதில் சுத்த மத்தியமம் சரியாக நிற்பதில்லை என்பது வித்வான்களின் நெடுநாள் குறை. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாதஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். சுருதி இறங்கியது, மத்தியமம் நேரானது, நாதம் கனத்தது. ராஜரத்தினம் பிள்ளை வாசித்ததால் தமிழ்நாடு முழுக்கப் பாரி பரவியது. வித்வானின் புகழ் ஊருக்குப் போய், ஊரின் பெயர் கருவிக்கு வந்தது.

இதை நிறுவனப் பெயரோடு ஒன்றாக வைத்து எண்ணுவது பிழை. நிறுவனப் பெயரைக் காசு செலவழித்து வளர்க்கலாம். நரசிங்கம்பேட்டையின் பெயரை வளர்த்தது மேடையில் பலர் காதுபடத் தேறிய சோதனை. செஞ்சியில் இருப்பவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது, தம் குருநாதரும் அவர் குருநாதரும் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். ஆனாலும் அதுவும் பெயர்தான். செய்பவர் கண்ணெதிரே இல்லாதபோது, போகும் திசையை அதுவே காட்டுகிறது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின், எந்த உலவை எடுப்பது என்பதைச் சீவாளி வைத்து ஊதிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். பெயர் பட்டறை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது; உள்ளே காது எடுத்துக்கொள்கிறது. பெயரும் தரமும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் நிலை இது என்றே கருதுகிறேன்.

5. பெட்டி

கூத்தில் ஆர்மோனியத்துக்குப் பெட்டி என்றே பெயர். களரி கட்டும்போது மிருதங்கமும் டோலக்கும் தாளமும் ஒருபுறம் முழங்க, முகவீணையும் பெட்டியும் சுருதி பிடித்து நிற்கும். வேஷக்காரர் எத்தனை கட்டையில் பாடுவார் என்பது பெட்டிக்காரருக்கு மனப்பாடம்.

கையால் துருத்தி அடித்து வாசிக்கும் இந்த வடிவம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் வழியாகப் பரவியது. அவர் தொடங்கிய துவார்கின் நிறுவனத்தின் பெயர் அன்று நாடெங்கும் எட்டிற்று. இன்று செஞ்சிப் பக்கத்தில் பெட்டி வாங்குபவர் கேட்பது வேறு. மேல்மூடியைக் கழற்றி ரீட் பலகையைப் பார்க்கிறார். பித்தளை ரீட்கள் வரிசையாகப் பதிந்திருக்கும் அந்தப் பலகையில் இருப்பது ஜெர்மன் ரீட்டா, குஜராத்தின் பாலிதானா ரீட்டா என்பதே முதல் கேள்வி. பெட்டிக்கு வெளியே கடைக்காரர் ஒட்டிய பெயர்த்தகடு மின்னும். விலையைத் தீர்மானிக்கும் பெயர் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். வாசிப்பவர் விவரம் அறிந்தவராக இருந்தால் பெயரே கருவியின் உறுப்புக்குள் இறங்கிவிடுகிறது.

ஜெர்மன் ரீட் என்று சொல்லி விற்பதெல்லாம் ஜெர்மனியில் இருந்து வந்ததா என்பது தனிச் சிக்கல். அந்தப் பெயர் எவ்வளவு பலமானதோ அவ்வளவு எளிதாகப் போலிக்கும் இடம்கொடுக்கிறது. தேறிய பெட்டிக்காரர் துருத்தியை ஒருமுறை நிறைத்து, ஒற்றைக் கட்டையை அழுத்தி, நாதம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பார். காற்று கசிகிற பெட்டி, எந்த ரீட் போட்டாலும், அந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும்.

பெயரின் எதிர்ப்பக்கத்தையும் பெட்டியே காட்டுகிறது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971-இல்தான் தடை தளரத் தொடங்கியது. கமகத்துக்கு ஒத்துவராத கருவி என்பது தடைக்குச் சொன்ன காரணம். நாட்டின் மிகப் பெரிய ஒலிபரப்பு நிறுவனம் ஒரு கருவியின் பெயரைக் கெடுத்தும், கூத்து மேடையில் அது அசையவில்லை. கூத்துக்காரருக்கு வானொலி நிலையத்தின் சான்றிதழ் தேவைப்படவில்லை. விடியும்வரை சுருதி இறங்காமல் நிற்கும் கருவி தேவைப்பட்டது.

6. நிறுவனப் பெயர்: கீபோர்டு

நிறுவனப் பெயரின் முழு ஆட்சியைக் காண வேண்டுமென்றால் கீபோர்டுக்கு வரவேண்டும். கேசியோ 1946-இல் தோன்றிய ஜப்பானிய நிறுவனம். கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் செய்து பேர் வாங்கியபின் 1980-இல் கேசியோடோன் கீபோர்டு வரிசையைக் கொண்டுவந்தது. யமஹாவோ 1887-இல் ரீட் ஆர்கனில் தொடங்கிய பழைய இசைக்கருவி நிறுவனம். அதன் சின்னத்தில் இருப்பவை மூன்று இசைக்கவைகள். ஆனால் செஞ்சியில் யமஹா என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆர்எக்ஸ் 100. மோட்டார் சைக்கிள் நிறுவனம் 1955-இலேயே தனியாகப் பிரிந்துவிட்டது. மகனுக்குக் கீபோர்டு வாங்கும் தகப்பனாருக்கு அந்தப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டியதில்லை. வண்டியின் எஞ்சின் பல ஆண்டு உழைத்ததைக் கண்ணால் பார்த்தவர், அந்த நம்பிக்கையைக் கீபோர்டுக்கும் மாற்றிக்கொள்கிறார்.

இதை அறியாமை என்று தள்ளக்கூடாது. அவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் தகப்பனார், வாசிக்கப் போவது எட்டோ பத்தோ வயதுப் பிள்ளை. இருவருக்கும் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லத் தெரியாது. செய்தவர் முகத்தை எவரும் பார்க்கப் போவதில்லை. உள்ளே இருப்பது மின்சுற்று. அதைச் சுண்டிப் பார்க்கவும் முடியாது, தடவிப் பார்க்கவும் முடியாது. பழுதானால் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ சரிபார்க்க ஆள் கிடைக்குமா, இரண்டு வருஷம் கழித்து விற்றால் காசு வருமா என்பவை அவருடைய நியாயமான கேள்விகள். அறிந்த பெயர் இரண்டுக்கும் ஓரளவு விடை தருகிறது. பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு ஒருவகைக் காப்பீடு. இசை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறவர் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம் என்பது மட்டும் என் கருத்து.

மெல்லிசைக் குழுவின் மேடையில் வேறொன்றைக் கவனிக்கலாம். கீபோர்டின் முதுகுப்பக்கம், கூட்டத்தை நோக்கி, நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும். வாசிப்பவர் பக்கம் சிறிய எழுத்துதான். அந்தப் பெரிய எழுத்து யாருக்கானது என்பதில் ஐயமில்லை. குழுவை அமர்த்தும் விழாக் குழுவினர் அதைப் படிக்கிறார்கள். யமஹாவோ கோர்கோ ரோலண்டோ மேடையில் இருந்தால் குழுவின் மதிப்பு கூடுகிறது. அடுத்த ஊரில் கேட்கும் தொகையும் கூடுகிறது. வாங்குபவர் தம் காதுக்காக அல்லாமல் கேட்பவர் கண்ணுக்காக வாங்க வேண்டிய நெருக்கடி இங்கே பிறக்கிறது.

நிறுவனங்களும் இந்தச் சந்தையைத் தேடி இறங்கி வந்துவிட்டன. யமஹா 2019-இல் சென்னையை அடுத்து இசைக்கருவித் தொழிற்சாலை தொடங்கியது. தபேலாவும் தம்புராவும் ஒலிக்கும் இந்திய வகைக் கீபோர்டுகளை யமஹாவும் கேசியோவும் விற்கின்றன. பெயர் ஜப்பானுடையது, சில மாதிரிகளைப் பூட்டும் கைகள் தமிழ்நாட்டுடையவை.

கிட்டாரில் பெயரின் பலம் இன்னும் வெளிப்படை. அமெரிக்கக் கிப்சனின் பெயரை ஒட்டி ஒலிக்கும் கிவ்சன் என்ற பெயரில் கல்கத்தாக் கிட்டார் நாடெங்கும் விற்றது. குறைந்த விலையில் பலருக்கு முதல் கிட்டாராக அமைந்த கருவி அது. அதற்கும் ஓர் அயல்நாட்டுப் பெயரின் சாயல் வேண்டியிருந்தது.

7. கண்ணை மறைத்துக் கேட்ட சோதனை

பெயர் காதையே மாற்றிவிடுமா? இதற்கு வயலினில் நல்ல சோதனைகள் நடந்திருக்கின்றன. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், பிரெஞ்சு ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசஃப் கர்டினும் 21 வயலின் கலைஞர்களைக் கூட்டினார்கள். மூன்று புது வயலின்கள், மூன்று பழையவை. பழையவை புகழ்பெற்ற இத்தாலியப் பட்டறைகளின் கருவிகள்: இரண்டு ஸ்ட்ராடிவேரி, ஒன்று குவார்னேரி. அறை இருட்டு, கலைஞர் கண்ணில் இருண்ட கண்ணாடி. பழைய மரத்தின் வாசம் காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்கத் தாடை படும் இடத்தில் நறுமணம் தடவினார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது 8 பேர்தான் பழையதைக் கேட்டார்கள். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரி. 2012-இல் பாரிஸில் 10 தனிக் கச்சேரிக் கலைஞர்களையும் 12 வயலின்களையும் வைத்து நடத்திய சோதனையில் 6 பேர் புதியதை விரும்பினார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. பழைய வீடுகளில் பரணிலிருந்து இறங்கும் வயலினுக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்ட்ராடிவேரியஸ் என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பியப் பட்டறைகள் அந்த மாதிரியைப் பின்பற்றி லட்சக்கணக்கில் வயலின் செய்து, மாதிரியின் பெயரை உள்ளே ஒட்டி அனுப்பின. சீட்டைப் பார்த்துப் பெரும் செல்வம் கிடைத்துவிட்டதாக நம்பிய குடும்பங்கள் உலகெங்கும் உண்டு. நல்ல வேலைப்பாடுள்ள வயலின் என்றால் சீட்டு இல்லாமலும் அது நன்றாகவே பேசும்.

இந்தச் சோதனைகளைப் பம்பையோடு சேர்த்துப் பார்க்கிறேன். பெயரை மறைத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்று அறிய மேலைநாட்டார் இருட்டறை கட்ட வேண்டியிருந்தது. செஞ்சிப் பம்பைக்காரர் பெயரில்லாமல்தான் எப்போதும் கேட்டுவந்திருக்கிறார். கேட்டுத் தேர்ந்தெடுக்கும் அவருடைய திறம் ஒரு முறையான அறிவு. அதை அப்படியே எழுதிவைக்க வேண்டிய கடமை இசை ஆய்வுக்கு இருக்கிறது.

8. செய்தவர் பெயர்

இனி இரண்டாவது துணிபு. பம்பையில் பெயர் இல்லாமைக்கு அண்மை ஒரு காரணம் என்று சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி சாதி. தோலைத் தொட்டுக் கருவி செய்தவரைச் சமூகம் தள்ளிவைத்தது. அவர் கருவியைக் கோயிலுக்குள் அனுமதித்து அவரை வெளியே நிறுத்தியது. இதை மிருதங்கத்தை வைத்து விரிவாக எழுதியவர் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா. 2020-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே, செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் என்று, ஒரு கடைப் பெயர்ப்பலகை போல அமைந்தது. மிருதங்கம் செய்த குடும்பங்களுக்குக் கிடைக்காத பலகை அது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைச் சங்கீத உலகம் நூறு விதமாகப் புகழ்ந்தது. அவர் கேட்ட நாதத்தைத் தோலில் வரவழைத்துக் கொடுத்த பர்லாந்துவின் பெயரைக் கச்சேரி ரசிகர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? ராஜரத்தினம் பிள்ளையோடு ரங்கநாதன் ஆசாரியின் பெயராவது நிலைத்தது. மரம் கடைந்தவருக்குக் கிடைத்த நினைவு தோல் கட்டியவருக்குக் கிடைக்கவில்லை.

புவிசார் குறியீடு இதை ஓரளவு சரிசெய்யும் என்று நம்புவோர் உண்டு. 1999-இல் இயற்றி 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்கும், 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் குறியீடு கிடைத்தது. வரவேற்க வேண்டியதுதான், வேறெங்கோ செய்ததை அந்தப் பெயரில் விற்பவரைச் சட்டத்தின் முன் நிறுத்த இது உதவும். ஆனால் குறியீடு ஊருக்குச் சொந்தம். தனியொரு கைக்கு அது பெயர் தராது. ஒரே ஊரில் ஒரே கருவியைச் சேர்ந்து செய்யும் குடும்பங்கள் திரண்டு விண்ணப்பிக்கும் இடத்துக்கு அது பொருந்தும். செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் சிதறியிருக்கும் பம்பை, உடுக்கைத் தொழிலாளருக்கு அந்தத் திரட்சி இல்லை.

அவர்களுக்குப் பொருந்துவது இன்னும் எளிய வழி. வயலின் செய்பவர் துளை வழியே தெரியுமாறு உள்ளே சீட்டு ஒட்டுகிறார். பம்பைக் கட்டைக்கு உட்புறம், தோல் பூட்டுவதற்கு முன், செய்தவர் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சுட்டெழுதலாம். அடுத்தமுறை தோல் மாற்ற யார் அவிழ்த்தாலும் படிப்பார். கருவி கைமாறி வேறு வட்டாரத்துக்குப் போனாலும், நல்ல நாதம் என்று பட்டால் தேடி வர முகவரி இருக்கும். வெளியில் எழுதுவதற்குப் பம்பைக்காரரின் சம்மதம் வேண்டும். உள்ளே எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. சூட்டுக்கோல் ஒன்றுதான் செலவு. இதைச் செஞ்சிப் பக்கத்துக் கூத்து வாத்தியார்களே தங்கள் குழுவுக்கு அடுத்து வாங்கும் கருவியிலிருந்து கேட்டுத் தொடங்கிவைக்கலாம்.